பாதிரியாருக்கு முந்தாதவள்

இஸபெல் கார்ட்னோவின் வேன் ஸ்காட்லாந்துக் கரையில் இருக்கும் கின்ஹேவன் துறைமுகத்துக்குள் நுழைந்தால், ஊரில் பாதிப் பேர் ஜன்னல் திரையை இழுத்து மூடுவார்கள். மீதிப் பேர் தேநீர்க் கோப்பையும் கையுமாக ஜன்னலுக்கு வந்து, அது யார் வீட்டு வாசலில் நிற்கப்போகிறது என்று பார்ப்பார்கள். கூரைமேல் பெரிய டிஷ் ஆன்டெனா வைத்த வெள்ளை வேன். பக்கவாட்டில் அபர்தீன் தொலைக்காட்சி நிலையத்தின் பெயர் சிவப்பாக எழுதியிருக்கும்.

இத்தனைக்கும் அவள் வெளியூர்க்காரி இல்லை. அந்தத் துறைமுகத்து ஈரக் கல்லில் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வளர்ந்தவள்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக, ஒரு படகு திரும்பி வரவில்லை என்றாலும், எண்ணெய்க் கிணற்று மேடையில் தீப்பிடித்தாலும், மீன் தொழிற்சாலையை இழுத்து மூடினாலும், திரையில் வந்து நின்று சொன்னது அவள்தான். நல்ல சேதிக்கு அவளை யார் அனுப்பினார்கள்? அது ஊருக்குப் புரியாது. புரிந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கள் கரை ஜனங்கள் அப்படித்தான்.

அவளுடைய அண்ணன் இறந்துபோய்ப் பல வருஷம். அண்ணன் மனைவி ரீனா ஒருமுறை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

"இனிமே அந்த வேனை என் தெருவுக்குள்ள கொண்டு வராத, இஸபெல். போன தடவை நீ நிறுத்திட்டு டீ குடிச்சிட்டுப் போனியே, அன்னைக்கு மூணு பேர் வந்து என்கிட்ட துக்கம் விசாரிச்சாங்க. ஒருத்தி சூப்பே காய்ச்சி எடுத்துட்டு வந்துட்டா."

"சூப்பை என்ன பண்ணினே?"

"குடிச்சோம். பின்ன என்ன, துக்கத்துக்கு வந்த சூப்பைத் திருப்பியா அனுப்புவாங்க?"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து இஸபெல் வேனை மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்துதான் போவாள். மழையிலும் நடைதான், முழங்கால் வலியிலும் நடைதான்.

குடும்பப் பெயர் என்று பார்த்தால் கின்ஹேவனில் பாதிப் பேர் கார்ட்னோ, மீதிப் பேர் டெய்ட். ஆண் பிள்ளை பிறந்தால் ஜேம்ஸ், வில்லியம், அலெக்ஸாண்டர் என்பதைத் தாண்டி யோசிக்கிற வழக்கமும் கிடையாது. ஒரே தெருவில் நாலு ஜேம்ஸ் கார்ட்னோ இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஆகவே குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு பட்டப்பெயர். இஸபெலின் குடும்பம் 'சுக்கான்'. ரீனாவுக்கு எதிர் வீட்டுக் குடும்பம் 'பிஸ்கோத்து'. ஏன் பிஸ்கோத்து என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. கல்யாணப் பத்திரிகையிலும் அதைப் போடுவார்கள், கல்லறைக் கல்லிலும் வெட்டுவார்கள். கேலி என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இஸபெலுக்கு மட்டும் ஊர் தனியாக ஒரு பெயர் வைத்திருந்தது: 'ஆறு மணி'. ஆறு மணிச் செய்தியில் வருகிறவள் என்பதால். அந்தப் பெயரை அவள் காதுபட யாரும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும்.

பள்ளியை விட்டதும் மீன் தொழிற்சாலையில்தான் சேர்ந்தாள். பனிக்கட்டியில் கிடந்த ஹாடக் மீனை நாள் முழுக்க அறுத்துச் செதில் எடுக்கிற வேலை. கையில் வெடிப்பு, உடம்பெல்லாம் வாடை. அங்கிருந்து தப்பித்து, பக்கத்து ஊர் வாரப் பத்திரிகையில் மீன் விலையும் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையும் எழுதினாள். அப்போது அபர்தீன் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் மீன்பிடிப் படகில் படம் எடுக்கப் போய், நாள் முழுக்க வாந்தி எடுத்து, கரையேறியதும் வேலையை விட்டுவிட்டார். அந்த இடத்துக்கு நடந்த நேர்முகத் தேர்வில் இஸபெலிடம் கேட்டது ஒரே கேள்விதான். "கடல் உங்களுக்கு ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்" என்றாள். சுத்தப் பொய். பெண்பிள்ளை காலடி பட்டால் படகுக்கு ஆகாது என்று அவளுடைய அப்பா அவளை ஒருநாளும் படகில் ஏற்றியது கிடையாது. கடல் அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது அவளுக்கே முதல் மாதம்தான் தெரிந்தது. ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டாள்.

அவளுடைய பேச்சு புரியவில்லை என்று எடின்பரோவிலிருந்து நேயர்கள் கடிதம் போட்டார்கள். நிலையம் ஒரு அம்மாளிடம் அனுப்பி அவள் நாக்கைத் திருத்தியது. திருத்திய நாக்கோடு முதன்முதலாகத் திரையில் வந்த அன்று, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, "யாருடா இந்த வெள்ளிக் கரண்டி?" என்று கேட்டாராம். அதன் பிறகு இரண்டு நாக்கோடு வாழ்ந்தாள். திரைக்கு ஒன்று, துறைமுகத்துக்கு ஒன்று. மாற்றி மாற்றிப் போட்டே அலுத்துப்போனாள். நிலையத்தில் அவள் மீன்காரி, ஊரில் அவள் துரைசானி.

நடுவில் ஒரு கல்யாணம். அபர்தீனில் பள்ளி ஆசிரியர், நல்ல மனுஷர். அவர் சமைத்து வைத்த சாப்பாடு ஆறிப்போகும். அவள் எங்கோ ஒரு மலைச் சாலையில், பனியில் நின்றுகொண்டு, பனி பெய்கிறது என்று நாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஸ்காட்லாந்துக்காரனுக்குக் குளிர்காலத்தில் குளிரும் என்று சொல்ல ஒரு ஆள், அதற்கு ஒரு வேன், ஒரு கேமரா. சில வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் சண்டை போடாமலே போய்விட்டார். சண்டை போட அவள் வீட்டில் இருந்தால்தானே? இஸபெல் அதற்காக நிறைய அழுதாள், ஆனால் வேனுக்குள் உட்கார்ந்துதான் அழ நேரம் கிடைத்தது.

வேலையில் அவளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதை அவளே போட்டுக்கொண்டாள்.

எங்கள் கரையில் கடலில் ஆள் போனால் வீட்டுக்கு முதலில் சொல்வது பாதிரியார்தான். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் தெருவுக்குள் நடந்து வந்தாலே பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் தாண்டிப் போன வீடு மூச்சுவிடும். அதனாலேயே கடலுக்குப் போன ஆண்கள் படகில் 'பாதிரியார்' என்ற வார்த்தையை வாயிலெடுக்க மாட்டார்கள். இஸபெல் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், தெற்கிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரன் பாதிரியாருக்கு முந்திக்கொண்டு ஒரு கதவைத் தட்டினான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம், "உங்க மறைந்த கணவரோட போட்டோ ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டான். அவளுக்குச் சேதியே அப்போதுதான் தெரிந்தது. இஸபெல் பத்தடி தள்ளி நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். அன்று முடிவு செய்தாள், பாதிரியார் போய் வராத வீட்டுக்குத் தானும் போவதில்லை, அந்த வீட்டுப் பெயரைத் திரையில் சொல்வதுமில்லை என்று. மேலிடத்தில் கத்தினார்கள். போட்டிச் சேனல்கள் முந்திக்கொண்டன. பதவி உயர்வு வேறு ஆளுக்குப் போனது. அவள் அசையவில்லை.

அந்த டிசம்பரோடு அவள் ஓய்வு பெறுவதாக இருந்தது. உண்மையில் உடம்பு அதற்கு முன்பே ஓய்வு கேட்டுவிட்டது. காலையில் எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கேமராவைப் பார்த்துப் பேசி முடித்ததும் என்ன பேசினோம் என்றே ஞாபகம் இருக்காது. எல்லாம் முன்னால் சொன்னதுதான், படகின் பெயர்தான் வேறு.

அன்று விடியும் நேரத்தில் 'மார்னிங் மெர்சி' என்ற படகு கரையிலிருந்து நாலு மணி நேரத் தூரத்தில் கவிழ்ந்தது. ஐந்து பேர். மூன்று பேரை ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு போய் அபர்தீன் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டது. இரண்டு பேர் உயிரோடு இல்லை. ஒருவர் படகுத் தலைவர். அவர் வேறு ஊர்க்காரர், அவர் வீட்டுக்குச் சொல்லியாயிற்று. இன்னொருவர் யார் என்று போலீஸ் வாயைத் திறக்கவில்லை. அபர்தீனிலிருந்து ஒரு அதிகாரி வந்து உறுதி செய்யும் வரை பாதிரியார் கில்கிறிஸ்டும் துறைமுக அலுவலகத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அதிகாரி ஆலங்கட்டி மழையில் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார்.

இஸபெலும் கேமராமேன் ஆர்ச்சியும் ஏலக் கூடத்துக்குப் பின்னால் வேனுக்குள் இருந்தார்கள். மதியம் தாண்டியதுமே இருட்டிவிட்டது. ஆர்ச்சி உப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இருவரும் ஒன்றாக வேலை பார்த்தே கிழடானவர்கள்.

"தின்னு பொண்ணே. வெறும் வயித்தோட நின்னா கேமராவுல பேய் மாதிரி தெரியுற."

"தின்னாலும் அப்படித்தான் தெரியுறேன்."

அப்போது போன் அடித்தது. நிலையத்திலிருந்து ஃபெனெல்லா. செய்தித் தயாரிப்பாளர். கெட்டவள் இல்லை, எப்போதும் ஓடிக்கொண்டே பேசுகிறவள்.

"இஸபெல், பேர் கிடைச்சிருச்சு. படகு ஏஜென்ட் ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். ஜேம்ஸ் கார்ட்னோ, வயசு முப்பத்தொண்ணு, கின்ஹேவன். உங்க ஊர்தான். போட்டிச் சேனல்காரங்க கையிலயும் இருக்கு. ஆறு மணிக்கு அவங்க சொல்லிடுவாங்க. நீங்க உறுதி பண்ணிக் குடுங்க, நாமும் சொல்லிடலாம்."

இஸபெல் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"எந்த ஜேம்ஸ் கார்ட்னோ?"

"எந்தன்னா? இதுதான் பேர்."

"பட்டப்பேர் என்ன போட்டிருக்கு?"

"பட்டப்பேரா? அவங்க கம்ப்யூட்டர்ல அதுக்கெல்லாம் இடம் இல்ல இஸபெல். ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பாதிரியார் இன்னும் போகல. நான் பேரைச் சொல்லமாட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

கின்ஹேவனில் முப்பத்தொரு வயது ஜேம்ஸ் கார்ட்னோக்கள் இரண்டு பேர். ஒருவன் ரீனாவின் பையன், அவளுடைய அண்ணன் மகன், சுக்கான். இன்னொருவன் எதிர் வீட்டு எல்சியின் மகன், பிஸ்கோத்து. ஒரே வருஷம் பிறந்து, ஒரே வகுப்பில் படித்து, ஒரே பெண்ணைக் காதலித்து இரண்டு பேரும் கோட்டைவிட்டவர்கள். போன வாரம்தான் ரீனா போனில் சொல்லியிருந்தாள், "ஜேம்ஸ் இந்தத் தடவை மெர்சியில ஏறப்போறான்" என்று.

அண்ணன் மகனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. ரீனா வீட்டுக்குப் போட்டாள். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி போட்டாள், மறுபடியும் அதேதான். படகு போன நாளில் ஊர் முழுக்கப் போனில்தானே இருக்கும்.

"ஏன் பொண்ணே, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றார் ஆர்ச்சி.

அவள் வேனை விட்டு இறங்கினாள். ஏலக் கூடத்து வாசலில் வல்லி டெய்ட் நின்றுகொண்டிருந்தார். அவளுடைய அப்பாவோடு ஒரே படகில் போனவர். குழந்தையில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர்.

"வல்லி, மெர்சியில யார் யார் போனாங்க?"

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "டிவிக்கு நான் ஒண்ணும் சொல்றதில்ல."

"டிவிக்கு இல்ல வல்லி. எனக்குக் கேக்குறேன். எங்க வீட்டுப் பையன் அதுல இருந்தானா?"

"நீயும் அதுவும் ஒண்ணுதானே, அம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முப்பது வருஷம் இந்த ஜனங்களுக்காகத்தான் வாயைக் கட்டினோம், இவர்களுக்காகத்தான் திட்டு வாங்கினோம், கடைசியில் அத்தை என்ற உரிமையில் ஒரு கேள்வி கேட்க வழியில்லையே என்று இஸபெல் நினைத்தாள். திரும்பி வந்து, நிலையத்தின் பெயர் போட்ட சிவப்புக் கோட்டைக் கழற்றி வேனுக்குள் எறிந்தாள்.

"உங்க கோட்டைக் குடுங்க ஆர்ச்சி."

"மீன் எண்ணெய் நாறும்."

"பரவாயில்ல. குடுங்க. நீங்க இங்கயே இருங்க, கேமராவைத் தொடாதீங்க. நான் ரீனா வீட்டுக்குப் போறேன். நிருபரா இல்ல."

ஆர்ச்சி கழற்றிக் கொடுத்தார்.

ரீனாவின் தெரு துறைமுகத்தை ஒட்டியது. வீடுகள் எல்லாம் காற்றுக்குப் பயந்து கடலுக்குப் பக்கச் சுவரைக் காட்டிக்கொண்டு, ஒன்றுக்கொன்று முகம் பார்த்து நிற்கும். எந்த வாசலில் நின்றாலும் எதிர் வாசல் தெரியும். இஸபெல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். கோட்டை மாற்றி என்ன பயன்? அந்த நடையைத் தெரியாதவர் தெருவில் யார்? ஒவ்வொரு ஜன்னலிலும் திரை அசைந்தது. அவள் தாண்டிப் போன வீடுகளில் மூச்சுவிடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. பாதிரியாருக்கு இது எப்படி இருக்கும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

நடக்க நடக்க மனதுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. கடவுளே, எதிர் வீடாக இருக்கட்டும். அவள் அப்படி நினைத்தாள், அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்சியும் அவளும் மீன் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் அறுத்தவர்கள். எல்சி அவளுக்குத் தன் உலர்ந்த கையுறையைக் கொடுத்தவள். இருந்தும் அப்படித்தான் வேண்டிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் வேண்டினாள்.

கதவைத் தட்டினாள். யாரோ மாடிப்படியில் இறங்கி வருகிற சத்தம். கதவு திறந்தது.

அண்ணன் மகன் ஜேம்ஸ் நின்றான். ஒரு பக்கக் கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கி, தலையைச் சுற்றித் துண்டு கட்டி, காலில் ஒற்றைக் காலுறையோடு.

"அத்தை?"

இஸபெல் அவனை அப்படியே இழுத்துக் கட்டிக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், அவன் தலையைப் பிடித்துக்கொண்டு வீங்காத கன்னத்திலும் வீங்கிய கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"ஐயோ அத்தை! பல்லு! பல்லு! வலிக்குது!"

"வலிக்கட்டும்டா. வலிக்கட்டும். நல்லா வலிக்கட்டும்."

"என்ன அத்தை, உங்களுக்குப் பைத்தியமா?" என்று அவனும் சிரித்துவிட்டான். உள்ளே நடையில் ரீனா போனைக் காதில் வைத்தபடி இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. சத்தமில்லாமல் போனைக் கீழே வைத்தாள்.

"படகேறுற அன்னைக்கு இந்தப் பல்லு உயிரை எடுத்துருச்சு. தண்ணி கூடக் குடிக்க முடியல. பிஸ்கோத்துதான், 'உனக்குப் பதிலா நான் போறேன்டா, நீ போய்ப் பல்லைப் புடுங்கிக்கோ'ன்னான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவனின் குரல் இறங்கியது. "மூணு பேரு பொழச்சிட்டாங்களாமே அத்தை? ஆஸ்பத்திரியில இருக்காங்களாம். அவன் அதுல இருப்பான்ல?"

இஸபெலின் கை அவன் தோளிலிருந்து மெதுவாக விழுந்தது. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது. கதவு அகலத் திறந்திருந்தது. நடை விளக்கு பளீரென்று எரிந்தது. அவள் அழுததும் சிரித்ததும் முத்தம் கொடுத்ததும் எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான்.

அவள் திரும்பினாள். எதிர் வீட்டு ஜன்னலில் எல்சி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. ஜன்னலை விட்டு நகர்ந்தாள். சற்றுப் பொறுத்து அவள் வீட்டுக் கதவு திறந்தது. கையில் மாவு ஒட்டியிருந்தது. பிழைத்த மூன்று பேரில் மகனும் இருப்பான், வருவான் என்று ஏதோ சுட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இஸபெல்" என்று கூப்பிட்டாள். உரக்கக்கூட இல்லை. தெரு அவ்வளவு அமைதியாக இருந்தது.

இஸபெல் தெருவைத் தாண்டிப் போனாள்.

"ஜேம்ஸ் கார்ட்னோன்னு ஒரு பேர் வந்திருக்கு. அப்படித்தானே?" என்றாள் எல்சி. "உங்க வீட்டுப் பையனோன்னு பயந்து ஓடி வந்திருக்கே. அவன் இல்ல."

"எல்சி, எனக்கு உறுதியா ஒண்ணும் தெரியாது. பாதிரியார் வரட்டும். போலீஸ்காரங்க..."

"அப்போ எங்க வீட்டுதுதான்."

முப்பது வருஷம் கேமராவுக்கு முன்னால் ஒருநாளும் வார்த்தைக்குத் திண்டாடாதவள் இஸபெல். சூறைக் காற்றில் காதுக் கருவி அறுந்து விழுந்தபோதும் நிறுத்தாமல் பேசியவள். இப்போது வாய் எழவில்லை. இல்லை என்று சொல்லப் பார்த்தாள், அதுவும் வரவில்லை.

எல்சி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவை விட்டு ஒதுங்கினாள்.

"உள்ள வா. மழையில நிக்காத."

சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எல்சி அதை அணைத்தாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், ஒவ்வொரு விரலாகக் கழுவினாள். துண்டில் துடைத்துக்கொண்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். அழவில்லை. இஸபெல்தான் அழுதாள். ஆர்ச்சியின் கோட்டுப் பையில் அவளுடைய போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

"எடுத்துப் பேசு" என்றாள் எல்சி. "உன் வேலை அது."

"வேண்டாம்."

"நீ பேசலேன்னா வேற எவனாவது பேசுவான். எப்படியும் சொல்லத்தானே போறாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும். என் வாயால வேண்டாம்." இஸபெல் போனை எடுத்து அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். "எல்சி, நான் வேணும்னு செய்யல. நான் அங்க வந்தப்போ நீ பாக்குறேன்னு எனக்குத் தோணவே இல்ல. சாமி சத்தியமா தோணல. இத்தனை வருஷம் ஒரு வீட்டுக்குக்கூட..."

"தெரியும்."

"பாதிரியாருக்கு முன்னால நான் ஒருநாளும்..."

"தெரியும்டி. ஊருக்கே தெரியும். அதுக்காக யாரும் உனக்கு நன்றி சொல்லல, அவ்வளவுதான்."

ஆலங்கட்டி ஜன்னலில் பட்டுத் தெறித்தது. எல்சி மேசை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"உன்னைத் தினமும் பாக்குறேன் இஸபெல்" என்றாள். "ஆறு மணி ஆனா நீ வந்து நிப்பே. எங்க வீட்டுக்காரர் கடல்ல போனப்போவும் நீதான் சொன்னே. எத்தனை வருஷம். உன் மூஞ்சியில இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்ல." நிறுத்தினாள். "அழகா இருந்தே."

இஸபெல் கையை நீட்டினாள். எல்சி அதைப் பிடிக்கவில்லை, தள்ளவும் இல்லை.

வாசலில் கனமான காலடிகள் கேட்டன, இரண்டு பேருடையவை. பாதிரியார் இருமுவது கேட்டது. எல்சி எழுந்து, ஏப்ரனைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டு, தலைமுடியை இரு கையாலும் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, கதவைத் திறக்கப் போனாள்.